மாட்டு டொக்டர் போனாப் பிறகு ஆர் பாக்கிறது?

எங்கட ஊர்க் குளக்கட்டுக்குக் கீழ ஒருக்கா நாய்கள் துரத்தி ஒரு புள்ளிமான் குட்டி வேலிக்கம்பியில மாட்டுப்பட்டிட்டுது. பெடியள் ஓடிப்போய் நாயைக் கலைச்சுப்போட்டு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாங்கள், பின்னங்காலில ஒரு கீறல், வேற பெருசாக் காயம் எண்டு ஒண்டுமில்லை. பேந்து நடந்ததுதான் விசயம். ஊர்ச்சனம் முழுக்க வந்து சுத்தி நிண்டுது, சின்னனுகள் தடவிச்சுதுகள், எல்லாரும் போன்ல படம் எடுத்தாச்சு, ஒரு ஆச்சி போத்தல்ல பசுப்பால் கொண்டந்து வாயைத் திறந்து பருக்கினா. அறிவிச்சு ஆக்கள் வரப் பின்னேரமாப் போச்சு. வந்த டொக்டர் காயத்தைக் கழுவி மருந்து போட்டு, ஊசியும் ஒண்டு போட்டு, இது தப்பீடும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். விடிய எழும்பிப் பாத்தா குட்டி விறைச்சுப்போய்க் கிடக்குது.

நாய் கடிச்ச விசம் எண்டு ஆச்சி சொன்னா, நாங்களும் அப்பிடித்தான் நம்பிக்கொண்டு இருந்தம். கனகாலம் கழிச்சுத்தான் விளங்கினது, குட்டியைச் சாகடிச்சது நாயில்லை, நாங்கள்தான் எண்டு. மான், மரை மாதிரிப் பயந்த மிருகங்கள் துரத்துப்பட்டு, பிடிபட்டு, சுத்திவர மனுசர் நிண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தா அதுகின்ர உடம்பு கடைசி மட்டும் ஓடுறதுக்கு ரெடியாவே நிக்கும். ஓட ஏலாத இடத்தில ஓடுற வேகம் முழுக்கத் தசைக்குள்ளயே எரியும், தசை அழியும், அழிஞ்ச தசையில இருந்து வாற கழிவு இரத்தத்தோட போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும், இதயமும் அடிபடும். சில நேரம் அந்த இடத்திலயே சாகும், சில நேரம் ஒரு நாள், ரெண்டு நாள், ஏன் ஒரு கிழமை கழிச்சும் சாகும். காட்டுமிருக வைத்தியத்தில இதுக்குத் தனிப் பேரே இருக்கு. இது முத்திப்போனா மருந்து எண்டு பெருசா ஒண்டுமில்லை, வராமத் தடுக்கிறதுதான் வைத்தியம். தடுக்கிறது எப்பிடி? ஒரு துணியால கண்ணை மூடு, இருட்டு அறையில விடு, ஒருத்தரையும் கிட்ட விடாத, சூடு ஏறினா தண்ணி தெளி, தொடுறதெண்டா ஒரேயொருக்கா எல்லா வேலையும் முடிச்சிட்டு விடு. இதில எது டொக்டருக்குப் படிச்சாத்தான் செய்யலாம்? ஒண்டுமில்லை. ஆனா ஒருத்தர் படிச்சிருக்க வேணும், அந்த ஒருத்தர் அண்டைக்கு அந்த இடத்தில நிண்டிருக்கவும் வேணும்.

அந்த ஒருத்தருக்குத்தான் வெளிநாட்டில வெட்னரி நேர்ஸ் எண்டு பேர். மிருகத் தாதி எண்டு சொல்லலாம். எங்கட பக்கம் மாட்டு நேர்ஸ் எண்டா சனம் சிரிக்கும், சிரிச்சாச் சிரிக்கட்டும், இங்கிலாந்திலயே அந்தப் பேர் லேசில கிடைக்கேல்ல. அங்க 1961இலதான் இந்தப் படிப்பை ஒழுங்கு முறையாத் தொடங்கினவை, ஆனா நேர்ஸ் எண்ட சொல் மனுச ஆஸ்பத்திரித் தாதிமாருக்குச் சட்டப்படி ஒதுக்கின பேர் எண்டதால, விலங்குப் பராமரிப்பு உதவியாளர் எண்ட மாதிரி ஒரு நீட்டுப் பேரைத்தான் குடுத்து வச்சிருந்தவை. 1984இலதான் நேர்ஸ் எண்டு கூப்பிட விட்டது. இப்ப அங்க டொக்டர்மாரைப் பதியிற அதே சபையில தாதிமாருக்கும் பதிவு இருக்கு, டொக்டர் சொல்லித்தர மருந்து குடுக்கலாம், சின்னச் சத்திரசிகிச்சை செய்யலாம் எண்டும் சட்டத்தில இருக்கு. குதிரைக்கெண்டு வேறயாத் தகைமை எடுக்கலாம். அமெரிக்காவில மிருகக்காட்சிசாலை மிருகங்களுக்கெண்டே விசேட தகைமை எடுத்த ஆக்கள் இருக்கினம். ஏன் அப்பிடிப் பிரிச்சவை எண்டா, நாய் பூனை பாத்துப் பழகின கை யானைக்கும் ஆமைக்கும் உதவாது, அதுதான் காரணம்.

இஞ்சத்த நிலவரம் என்னெண்டா, முழு இலங்கைக்கும் மிருக வைத்தியர் படிக்கிற பீடம் ஒண்டே ஒண்டுதான், அது பேராதனையில. அதுக்குக் கீழ எங்களுக்குத் தெரிஞ்சது எல்டிஐமார், கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர். மோட்டச்சைக்கிள்ள சினை ஊசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, காதுப்பட்டி குத்தி, தடுப்பூசி போட்டு, காட் எழுதிக்கொண்டு மல்லாவியில இருந்து ஒட்டுசுட்டான் மட்டும் ஓடித்திரியிற ஆக்கள். அவையைக் குறை சொல்ல ஏலாது, அவையின்ர வேலை உற்பத்தி, பால் கூட வேணும், கண்டு பிறக்க வேணும். படுத்த மாட்டுக்குப் பக்கத்தில ராத்திரி இருக்கிறது அவையின்ர வேலைப் பட்டியல்ல இல்லை. காட்டுமிருகம் எண்டா அது வேற திணைக்களம், வேற டொக்டர், அவர் எத்தினை மாவட்டத்துக்கு ஓடுறது. டொக்டர் வந்து நிக்கிறது அரை மணித்தியாலம், மிஞ்சினா ஒரு மணித்தியாலம். மிச்ச இருவத்திமூண்டு மணித்தியாலமும் மிருகம் எங்களோட.

அந்த இருவத்திமூண்டு மணித்தியாலத்தில என்ன கிடக்கு எண்டு பாக்க ஒரு பால் காய்ச்சல் மாட்டை எடுப்பம். பேர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் கிடக்கும். நல்லாக் கறக்கிற ஜேர்சிக் கலப்பு, கண்டு போட்டு ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள இரத்தத்தில இருக்கிற கல்சியம் எல்லாம் பாலுக்குப் போய், பசு எழும்ப ஏலாமப் படுத்து, கழுத்தை வளைச்சு மூஞ்சையை விலாவில வச்சுக்கொண்டு கிடக்கும். பாத்தா நித்திரை மாதிரி. டொக்டர் வந்து கழுத்து நரம்பில கல்சியப் போத்தல் ஏத்துவார். இதில தாதிக்கு என்ன வேலை எண்டா, போத்தலை உடம்புச் சூட்டுக்கு இளஞ்சூடாக்கி வைக்கிறது, பேந்து ஏறி முடியுமட்டும் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஏனெண்டா கல்சியம் வேகமாப் போனா இதயம் நிண்டிடும். துடிப்புத் தவறுதெண்டா போத்தலை உடன கீழ இறக்க வேணும், அந்த நேரம் ஆரையும் கேட்டுக்கொண்டு நிக்க ஏலாது. சரியாப் போனா மாடு நடுங்கத் தொடங்கும், ஏவறை விடும், காஞ்சு கிடந்த மூக்கில பனி மாதிரி ஈரம் பூக்கும், சாணி போடும். அந்த ஈரத்தைக் கண்டா மனசுக்கு ஒரு ஆறுதல்.

ஆனா எல்லாம் உடன எழும்பாது. அங்கதான் கனக்க மாடு போறது. நானூறு கிலோ உடம்பு ஒரு பக்கமாவே ஆறேழு மணித்தியாலம் கிடந்தா, கீழ அம்பிடுற தொடைக்கு இரத்தம் ஓடாது, தசையும் நரம்பும் செத்துப்போம், பேந்து கல்சியம் இல்லை கடவுளே வந்தாலும் எழும்பாது. ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டிப் போடவேணும், சீமெந்துத் தரையில விடாம மணலுக்கோ வைக்கலுக்கோ இழுக்கவேணும், பக்கவாட்டாச் சரிய விடாம நெஞ்சில நிமித்தி ரெண்டு பக்கமும் வைக்கல் மூட்டை அண்டை குடுக்க வேணும். சரிஞ்சு கிடந்தா வயிறு ஊதி மூச்சை அடைக்கும், மேல வாற இரை மூச்சுக்குழாய்க்குள்ள போகும். விழுங்க ஏலாத மாட்டுக்கு வாயில கசாயம் பருக்கிறதும் அதேதான், அது வயித்துக்குப் போறேல்ல, நேர நுரையீரலுக்கு. எங்கட ஊர்ல மாடு பருக்கிச் செத்ததுதான் கூட எண்டு நான் சண்டைக்கே சொல்லுவன்.

2022 டிசம்பர் நினைவிருக்கும். மண்டூஸ் புயல் நேரம், மழையும் குளிர்காத்துமா அடிச்ச அந்த ரெண்டு மூண்டு நாளில வடக்கு கிழக்கில ஆயிரத்துக்கு மேல மாடுகள், ஆடுகள் வேற, தரவையிலயும் ரோட்டுக்கரையிலயும் செத்து விழுந்துது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சனம் முதல்ல ஏதோ நோய் எண்டுதான் பயந்தது, கடைசியில குளிர்தான் காரணம் எண்டு வந்துது. எங்கட பட்டிமாட்டுக்குக் கொட்டில் கிடையாது, மாரி தொடங்கேக்க மேய்ச்சலும் குறைவு, எலும்பும் தோலுமா நிக்கிற மாடு நனைஞ்சு காத்தும் பட்டா உடம்பில எரிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. அண்டைக்கு ஊருக்கு ஒரு ஆள் தேர்மாமீட்டரோட திரிஞ்சிருந்தா எல்லாத்தையும் தப்பவச்சிருக்கும் எண்டு சொல்லமாட்டன், ஆனா எதை முதல் பாக்கிறது எண்டு பிரிச்சிருக்கலாம். நிக்கிறதைக் காத்துப்படாத பக்கம் சாய்க்கிறது, படுத்ததைச் சாக்கால துடைச்சு மூடுறது, கண்டுகளை முதல்ல காயவைச்சுச் சூடாக்கிறது, சூடாக்கினாப் பிறகுதான் பால். குளிர்ந்து உறிஞ்ச ஏலாமக் கிடக்கிற கண்டுக்கு வாயில பால் ஊத்தினா அதுவும் நுரையீரல்தான். மாட்டுக்கு முப்பத்தெட்டரை டிகிரி சரியான சூடு, இது தெரியாத ஆளுக்கு முப்பத்தஞ்சு எண்டு காட்டுறதின்ர பயங்கரம் விளங்காது. (தேர்மாமீட்டரில ஒரு நூலும் கிளிப்பும் கட்டி வால்மயிரில கொழுவிவிட வேணும், இல்லாட்டி உள்ளுக்க போயிடும், அல்லது சாணியோட விழுந்து மிதிபடும். ரெண்டும் நடந்திருக்கு.)

இனி யானைக்கு வருவம், ஏனெண்டா வன்னியில காட்டுமிருகம் எண்டு கதைக்கத் தொடங்கினா யானையில வந்துதான் நிக்கும். 2011 கணக்கெடுப்பில நாட்டில 5,879 யானை எண்டு சொன்னவை. 2023இல ஒரு வருசத்தில மட்டும் 470க்கு மேல செத்திருக்கு. இடியன் துவக்குச் சூடு, கரண்ட் கம்பி, ரயில், பிறகு அந்த ஹக்கபட்டாஸ். பூசணிக்காயுக்கையோ வேற தீனுக்கையோ வெடிமருந்தை வைச்சிருப்பாங்கள், பன்றிக்கு வைச்சதை யானை கடிக்கும், வாய்க்குள்ள வெடிச்சு நாக்கும் தாடையும் சிதறும். உடன சாகாது, தின்னக் குடிக்க ஏலாம நாள்க்கணக்கில குளத்தடியில நிண்டு மெலிஞ்சு சாகும். சூடுபட்டது, கண்ணி இறுகினது எண்டா மயக்க ஊசி சுட்டு வைத்தியம் பாக்கலாம், ஆனா அந்த ஊசி பட்டு யானை விழுந்த பிறகுதான் உண்மையான அவசரம் தொடங்குது.

யானையின்ர நெஞ்சு எங்கட மாதிரி இல்லை. எங்களுக்கு நுரையீரலுக்கும் விலாவுக்கும் இடையில வழுக்கிற மாதிரி ஒரு இடைவெளி இருக்கு, யானைக்கு அந்த இடம் முழுக்க இழையத்தால ஒட்டிக்கிடக்கு, நெஞ்சு விரிஞ்சாத்தான் மூச்சு. அதால மாட்டுக்குச் சொன்னதுக்கு நேர்மாறு இஞ்ச: மாடு நெஞ்சில இருக்க வேணும், யானை நெஞ்சில விழுந்திட்டா அதின்ர பாரமே அதை நசிச்சுப்போடும், சில நிமிசத்துக்குள்ள கயிறு போட்டோ ட்ரக்டர் வைச்சோ பக்கவாட்டாச் சாய்க்க வேணும். தும்பிக்கையை நேராக்கி, நுனிக்குள்ள மண்ணோ தண்ணியோ போகாம ஒரு ஆள் பிடிச்சுக்கொண்டே இருக்கவேணும், அதாலதான் மூச்சு விடுறது. காதை மடிச்சுக் கண்ணை மூடலாம், காதுக்குத் தண்ணி ஊத்தினா உடம்பு ஆறும், இரத்தம் எடுக்கிற நரம்பும் காதின்ர பின்பக்கத்திலதான். ஒருத்தர் மூச்சை எண்ணிக் கத்திச் சொல்லிக்கொண்டு நிக்க, ஒருத்தர் எழுத, டொக்டர் காயத்தைப் பாக்கலாம். மூண்டு நாலு பேர் வேணும், எல்லாரும் தெரிஞ்சவையா. வேடிக்கை பாக்க வந்தவனைப் பிடிச்சு, அண்ணை தும்பிக்கையைப் பிடியுங்கோ எண்டா, அவன் படம் எடுக்கப் போயிடுவான்.

மருந்தும் விளையாட்டில்லை. யானைக்குப் பாவிக்கிற எடோர்பின் எண்டது மோர்பினை விட ஆயிரம் மடங்குக்கு மேல வலு, கையில இருக்கிற கீறல்ல ஒரு சொட்டுப் பட்டாலே மனுசனுக்கு மூச்சு நிக்கலாம். அதைத் தொட்டு வேலை செய்யேக்க ஒருத்தரும் தனிய இருக்கக்கூடாது, மாத்து மருந்து முதலே எடுத்து வைச்சிருக்க வேணும், அது எங்க இருக்கு எப்பிடிப் போடுறது எண்டு பக்கத்தில நிக்கிற ஆளுக்குத் தெரிஞ்சிருக்க வேணும். அந்தப் பக்கத்தில நிக்கிற ஆள்தான் நான் சொல்லுற தாதி. சைலசீன் எண்ட மயக்க மருந்தும் இருக்கு, எல்லா இடத்திலயும் பாவிக்கிறது, குதிரைக்குப் போடுற அளவில பத்தில ஒரு பங்கு மாட்டுக்குக் காணும். குதிரைக் கணக்கை மாட்டுக்குப் போட்டா அது எழும்பாது.

அம்பாள்குளத்துக் கதையையும் இதோட சேத்துச் சொல்லவேணும். 2018 ஜூனில கிளிநொச்சி அம்பாள்குளத்தில சிறுத்தை ஒண்டு (எங்கட ஆக்கள் புலி எண்டுதான் சொல்லுறது) ஊருக்குள்ள வந்து பத்துப் பேரளவில காயப்படுத்திச்சு, வனஜீவராசிகள் உத்தியோகத்தரும் அதில ஒருத்தர். கடைசியில சனம் அதை அடிச்சுச் சாகடிச்சு, படமும் எடுத்துப் போட்டு, பொலிஸ் கேஸாப் போனது. அண்டைக்கு மயக்க ஊசி இருந்திருந்தா எண்டு கனபேர் இண்டைக்கும் சொல்லுவினம். நான் அப்பிடி லேசாச் சொல்லமாட்டன். ஊசி பட்ட உடன மிருகம் விழாது, நிமிசக் கணக்கு ஆகும், பதறிப்போய் நிக்கிற மிருகத்துக்கு இன்னும் செல்லும், சில நேரம் பிடிக்கவே பிடிக்காது. அந்த நேரம் முழுக்கச் சனம் கல்லும் பொல்லும் கொண்டு கூக்குரல் போட்டுக்கொண்டு நிண்டா எந்த ஊசியும் உதவாது. சனத்தை ஐநூறு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைச்சிருக்க, ஊர்ப்பாசையில கதைச்சு விளங்கப்படுத்த, ஒரு ஆள் வேணும். டொக்டர் துவக்கோட நிண்டுகொண்டு இதையும் செய்யமாட்டார். 2020 மே மாசம் மலையகத்து நல்லதண்ணியில கம்பிக் கண்ணியில அம்பிட்ட கருஞ்சிறுத்தையை உயிரோட எடுத்து உடவளவை யானைக்குட்டிக் காப்பகத்துக்குக் கொண்டுபோயும் சில நாள்ல செத்துப்போச்சு. கண்ணியில இருந்து கழட்டுறதோட வேலை முடியிறேல்ல.

சின்ன மிருகங்கள்ல பிழை இன்னும் கூட, ஏனெண்டா அதுகளை ஆரும் தூக்கலாம். மயிலையோ கொக்கையோ நெஞ்சை இறுக்கிப் பிடிச்சா அது சாகும், பறவைக்கு எங்கட மாதிரி உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னுக்கும் பின்னுக்கும் அசைஞ்சாத்தான் காத்துப் போய்வரும். செட்டையையும் காலையும் பிடி, நெஞ்சை விடு, அவ்வளவுதான் பாடம், ஆனா ஒரு நாள் முழுக்கப் பழக வேணும். ட்ரக்டர் ஏறி ஓடு வெடிச்ச ஆமைக்கு ஊசி போடுறதெண்டா முன்னங்காலில, பின்னங்காலில போட்டா மருந்து உடம்பு சுத்த முதல் சிறுநீரகத்துக்குப் போயிடும். அதோட ஆமை குளிர்ந்து கிடந்தா மருந்து வேலையே செய்யாது, முதல்ல சூட்டில வைக்கவேணும். நட்சத்திர ஆமை 2019இல இருந்து சர்வதேச வியாபாரம் முற்றாத் தடைசெய்த பட்டியல்ல இருக்கு, எங்கட வீடுகளில இன்னும் அதிர்ஷ்டம் எண்டு வளக்கினம். அழுங்கு எறும்பையும் கறையானையும் தவிர ஒண்டும் தின்னாது, பால்சோறு வைச்சாப் பட்டினியில சாகும். தேவாங்கு பூச்சி தின்னி, அதுக்கு வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டு நிப்பினம். யானைக்குட்டிக்குப் பசுப்பால் குடுத்தா வயித்தாலடிதான், உடவளவையில மனுசக் குழந்தையின்ர பால்மாவைக் கரைச்சு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புனல் வைச்சுக் குடுக்கினம், தடவ விடமாட்டினம், ஏனெண்டா அது ஒரு நாள் காட்டுக்குப் போகவேணும், மனுசனைக் கண்டா பயப்பிட வேணும். செல்லப் பேர் வைச்சு வளத்த யானை ஊருக்குள்ள வந்து நிண்டா இடியன்தான் பதில் சொல்லும்.

வீட்டில வளக்கிற வெளிநாட்டுச் சாமானுகள், லவ் பேர்ட்ஸ், முயல் அதுகள் வன்னியில குறைவுதான், ஒண்டு மட்டும் சொல்லிவிடுறன்: முயல் ஒரு நாள் தின்னாம இருந்தா அது அவசரம், நாளைக்குப் பாப்பம் எண்டு விடுற விசயமில்லை.

மிருகத்தைப் பாக்கிற ஆளே நோயில விழுந்தா எல்லாம் வீண், அதால முதல் பாடம் தன்ர உடம்பு. விசர்நாய்த் தடுப்பூசியை வேலை தொடங்க முதலே போடலாம், கடிபட்டாப் பிறகுதான் எண்டு இல்லை. 2024 டிசம்பரில யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சல் வந்து ஆக்கள் செத்தது ஞாபகமிருக்கும், மாட்டின்ர மூத்திரத்தாலயும் அது வரும். கண்டு போட்ட மாட்டின்ர நஞ்சுக்கொடியை வெறுங்கையால இழுக்கிற பழக்கம் எங்கட ஊரெல்லாம் இருக்கு, கருச்சிதைவு நோய் இருக்கிற மாடெண்டா அது மனுசனுக்கு வந்து மாசக்கணக்கில விட்டு விட்டுக் காய்ச்சும்.

சரி, எங்க படிப்பிக்கிறது? இடம் இல்லை எண்டு சொல்ல ஏலாது. கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர விவசாய பீடம் இருக்கு, அதுக்குள்ள விலங்கு விஞ்ஞானத் துறையும் இருக்கு, அதே வளாகப் பக்கம் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கு. ஓஎல் ஏஎல் எடுத்த பெடியள் பெட்டையளுக்கு என்விகியூ (தேசிய தொழில் தகைமை) அஞ்சாம் மட்டத்தில ஒரு டிப்ளோமா, பாதிக்கு மேல வெளிக்கள வேலை, அவ்வளவு போதும் தொடங்க. உயிருள்ள மிருகத்தில பழக முதல் வாழைத்தண்டில ஊசி குத்திப் பழகலாம், மரத்தால மாடு செய்து வயித்துக்குள்ள சாக்குக் கண்டை வைச்சுப் பிரசவம் பழகலாம், காசு பெருசாத் தேவையில்லை.

ஆனா கயிறு படிப்பிக்கிறதுக்கு மட்டும் நான் காம்பஸ்காரரைக் கூப்பிடமாட்டன். நெடுங்கேணிப் பக்கமோ துணுக்காயிலயோ குறிசுடுற காலத்தில போய்ப் பாக்கவேணும். குழுமாட்டு நாம்பனை, மனுசக் கையே படாததை, ஒரு நீட்டுக் கயித்தைக் கழுத்தில கட்டி, முன்னங்காலுக்குப் பின்னால ஒரு சுத்து, பின்னங்காலுக்கு முன்னால ஒரு சுத்து, பின்னால நிண்டு இழுக்க அது தானா முழங்கால் மடிச்சுப் படுக்கும், அடியில்லை, சத்தமில்லை. வெளிநாட்டுப் புத்தகத்திலயும் அதே சுத்துத்தான் படம் போட்டுக் கிடக்கு. பட்டிக்காரக் கிழவனுக்கு எழுத்துத் தெரியாட்டியும் மாடு எங்க பாக்குது, காது எந்தப் பக்கம் திரும்புது, எப்ப உதைக்கும் எண்டு தெரியும். அவருக்கு விரிவுரையாளர் சம்பளம் குடுக்க எந்தத் திணைக்களத்துச் சுற்றறிக்கையும் விடாது, அது வேற கதை. வேலைப் பதவியும் இல்லாமப் படிப்பை மட்டும் தொடங்கினா, சேட்டிபிக்கேற்றோட பிள்ளையள் கொழும்பில நாய்க் கிளினிக்குக்குத்தான் போகும், அதையும் பிழை எண்டு சொல்ல ஏலாது, வயிறு இருக்கே. முல்லைத்தீவில ஒவ்வொரு கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் ஒரு பதவி, வனஜீவராசிகள்ல மாவட்டத்துக்கு ரெண்டு எண்டாவது முதல்ல வரவேணும்.

எங்கட பக்கத்து வீட்டுப் பெட்டை ஏஎல் எடுத்திட்டு நிக்கிறாள், இதெல்லாம் எங்கயோ வாசிச்சு வைச்சிருக்கிறாள். போன கிழமை யானை வந்து மாமான்ர பயித்தங்காய்ப் பந்தலை உழக்கிப்போட்டுப் போட்டுது. விடிய எல்லாரும் கூடி நிண்டு ஏசிக்கொண்டு நிக்க, இவள் வரம்புச் சேத்தில பதிஞ்ச முன்னங்கால் அடியைச் சுத்தி ஒரு கொடிக்கயித்தை வைச்சு அளந்தாள். முன்னங்கால் சுத்தளவை ரெண்டு மடங்காக்கினா தோள் உயரம் கிட்டத்தட்ட வரும், ஊசிக்கு மருந்தளவு யோசிக்கிறதுக்கு அது உதவும். கயிறு நாலடி வந்துது.

"எட்டடி மாமா," எண்டாள்.

"எட்டடியோ," எண்டு மாமா ஒருக்கா பந்தலைப் பாத்தார், பேந்து கயித்தைப் பாத்தார். "கொண்டா, மற்ற அடியையும் அளந்து பாப்பம், ரெண்டு யானையோ தெரியேல்ல."